ஒன்பது பாட்டில் வாங்கியும் ருசி வரவில்லை என்றால்

கேள்வியின் சுருக்கம் இது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், எங்கோ கிடைத்த பட்டியலைப் பார்த்து ஒன்பது பாட்டில்கள் வாங்கியிருக்கிறார்: ஜின், வோட்கா, வெள்ளை ரம், உள்நாட்டு விஸ்கி, ஸ்வீட் வெர்முத், டிரை வெர்முத், கம்பாரி (கசப்பான சிவப்பு லிக்கர்), நீலக் குராசோ (ஆரஞ்சுச் சுவையுள்ள லிக்கர்), காபி லிக்கர். லிக்கர் என்றால் இனிப்பும் சுவையும் சேர்த்த சாராயம். டைக்கிரி, மார்டினி, நெக்ரோனி, ஓல்ட் ஃபேஷன்ட் என்ற நான்கு காக்டெய்ல்களையும் வீட்டில் கலந்து பார்த்தார். டைக்கிரி பல்லைக் கூசவைத்தது. மார்டினியில் மண்ணெண்ணெய் வாடை. நெக்ரோனி கஷாயம். ஓல்ட் ஃபேஷன்ட், சர்க்கரை போட்ட விஸ்கி. “இன்னும் விலை கூடிய ஜின் வாங்கினால் சரியாகுமா?” என்று கேட்கிறார்.

ஆகாது. இன்னொரு மூவாயிரம் ரூபாய் போகும், மார்டினி அப்படியேதான் இருக்கும்.

ஏழு ஆண்டுகள் பயணிகள் கப்பலின் பாரிலும், பிறகு சில ஆண்டுகள் கரையில் ஓர் ஓட்டல் பாரிலும் நின்றவன் நான். அங்கெல்லாம் புதிதாகச் சேரும் பையன்களை முதல் சில வாரங்கள் பாட்டில் பக்கமே விடமாட்டார்கள். ஐஸ் அள்ளு, எலுமிச்சை பிழி, பாகு கரை, கிளாஸ் துடை என்பார்கள். ஆளில்லாத வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நானும் அப்போது முணுமுணுத்தேன். காக்டெய்லில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் நான்கு கோப்பைகளும் ஒரே காரணத்தால் கெடவில்லை. அவற்றில் ஒன்றில் மட்டும்தான் பாட்டிலின் மேல் குற்றம்.

டைக்கிரியிலிருந்து தொடங்குகிறேன். ரம், எலுமிச்சை, சர்க்கரை என்று மூன்றே பொருள்தான் என்பதால் தப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை. டைக்கிரி என்பது கியூபாவின் சாந்தியாகோ நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். 1890-களின் இறுதியில் அங்கிருந்த இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளையும் தீவில் இந்த மூன்றையும் அவருக்கு முன்னால் யாரும் சேர்த்ததே இல்லை என்பதை நான் நம்பவில்லை. பெயர் வைத்தவர் அவர் என்ற அளவில் விட்டுவிடலாம்.

இங்கே ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது, உங்கள் பல்கூச்சத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். ஆங்கிலச் செய்முறைகளில் லெமன், லைம் என்று இரண்டு பழங்கள் வரும். நாம் இரண்டையும் எலுமிச்சை என்றே படித்துக்கொள்கிறோம். நம் காய்கறிக் கடையில் உருண்டையாக, மஞ்சளாகக் குவிந்திருப்பது லைம். பழுத்ததும் மஞ்சளாகிவிடுவதால் லெமன் என்று ஏமாந்துபோகிறோம். மேலைநாட்டுக் கடைகளில் லைம் என்று விற்பது பெரிதாக, பச்சையாக, விதையில்லாமல் இருக்கும் வேறொரு வகை. நம்முடையது சிறியது, மெல்லிய தோல், நிறைய விதை, வாசமும் புளிப்பும் தூக்கல். கரீபியன் தீவுகளின் பழைய சிறு லைமும் நம் எலுமிச்சையும் ஒரே இனம். ஆகவே டைக்கிரிக்குத் தேவையான பழம் உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் 30 மில்லி என்று எழுதினால் அது அவர் ஊர்ப் பழத்துக்கான கணக்கு. நம் பழத்தில் அதே 30 மில்லியை ஊற்றினால் கூசாமல் என்ன செய்யும்?

நம் ஊர்ப் பழத்துக்கு நான் சொல்லும் தொடக்கக் கணக்கு: வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20. நடுத்தரமான ஒரு பழத்தில் 15 மில்லி சாறு வரும். ஒன்றரைப் பழம் தேவைப்படும். பழத்தைக் கசக்கிப் பிழியாதீர்கள். தோலின் கசப்பு இறங்கிவிடும். அன்றைக்குப் பிழிந்த சாறுதான் சாறு. பாட்டிலில் அடைத்த சாறு வீட்டில் இருந்தால் பாத்திரம் துலக்கப் பயன்படுத்துங்கள்.

பாகு என்றதும் அடுப்பைப் பற்றவைத்து அதிரசத்துக்குப் பதம் பார்க்க வேண்டாம். சர்க்கரையும் வெந்நீரும் எடைக்கு எடை சமமாகச் சேர்த்து, கரையும்வரை கலக்கினால் போதும். கம்பிப் பதமோ உருட்டுப் பதமோ வந்தால் அது ஷேக்கரின் (பானத்தைக் குலுக்கும் மூடிபோட்ட பாத்திரம்) அடியில் ஒட்டிக்கொண்டு கோப்பைக்கு வராது. ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. சர்க்கரையை நேரடியாகப் போட்டுக் குலுக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த சாராயத்தில் சர்க்கரை எளிதில் கரையாது. புளிப்பு மேலேயும் இனிப்பு அடியிலுமாக நின்றிருக்கும். உங்கள் பல்கூச்சத்தின் மறுபாதி இது.

ராமநவமிக்குப் பானகம் கரைப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெல்லம் எவ்வளவு, எலுமிச்சை எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, புளிப்பு தூக்கினால் வெல்லம், இனிப்பு தூக்கினால் எலுமிச்சை, இரண்டும் தூக்கினால் தண்ணீர். டைக்கிரி, கிம்லெட், மார்கரீட்டா, விஸ்கி சவர் எல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள்தான். சாராயத்தை மாற்றினால் பெயர் மாறுகிறது. ஆனால் பானகம் கரைத்துப் பழகிய பாட்டிக்கு இருக்கும் கை உங்களுக்கு வரும்வரை அளந்தே ஊற்றுங்கள். 30-க்கும் 60-க்கும் கோடு போட்ட பெக் மெஷர் ஒன்றும், மருந்து பாட்டிலோடு வரும் சிறு மில்லி மூடி ஒன்றும் போதும். கண் மதிப்பில் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் தாராளப் பிரபுக்கள். 60 என்று நினைத்து 80 ஊற்றிவிட்டு, “காட்டமாக இருக்கிறதே” என்று முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது ஐஸ். நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

ஐஸ் குளிரவைப்பதற்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது உங்கள் மதுவிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆக, உருகாமல் குளிரவைக்கவும் முடியாது, குளிரவைக்காமல் உருகவும் முடியாது. ஒழுங்காகக் கலக்கிய மார்டினியில் கால் பங்குக்கு மேல் ஐஸ் உருகிய தண்ணீர். குலுக்கிய டைக்கிரியில் அது மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள்தான், எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டு நான்கு முறை ஆட்டிவிட்டு ஊற்றினால் அந்தப் பொருளே விடுபட்டுப் போகிறது. உங்கள் மார்டினியின் மண்ணெண்ணெய் வாடைக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஷேக்கரில் ஐஸ் முக்கால் பாகம் நிரம்ப வேண்டும். ஐஸ் அதிகமானால் தண்ணீராகிவிடும் என்று பயப்படுவது வழக்கம். நடப்பது நேர்மாறு. நிறைய ஐஸ் இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து உருகுவது அடங்கிவிடும். கொஞ்சமாக இருந்தால் அது முழுக்க உருகியும் குளிர் போதாது. பன்னிரண்டு விநாடி, தோள் வலிக்கக் குலுக்குங்கள். ஸ்டீல் ஷேக்கரின் வெளிப்புறம் வெண்ணிறமாகப் பனி பூத்து விரல் ஒட்டிக்கொள்ளும்போது உள்ளே சுழியத்துக்கும் கீழே போயிருக்கும். ஷேக்கர் இல்லையா? வாயகன்ற, மூடி இறுகும் ஸ்டீல் தூக்கு போதும், டீ வடிகட்டி வடிகட்டியாகட்டும். கண்ணாடி ஊறுகாய் ஜாடி மட்டும் வேண்டாம். ஐஸ் மோதிக் கீறல் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வாடை. நம் ஃப்ரீசரில் மீன் இருக்கும், தேங்காய்த் துருவல் இருக்கும், ஊரிலிருந்து வந்த சாம்பார் பொடிகூட இருக்கும். மூடாத ஐஸ் டிரே அத்தனை வாடையையும் வாங்கிக்கொள்ளும். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வெறும் வாயில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஜின் ஏன் வஞ்சிரம் வாசம் அடிக்கிறது என்று தெரியும். மூடியுள்ள டிரே வாங்குங்கள், அல்லது உறைந்ததும் கட்டிகளைப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

பெரிய, தெளிந்த ஐஸ் கட்டி வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பக்கங்களிலும் அடியிலும் வெப்பக் காப்பு இருப்பதால் மேலிருந்து கீழாக மட்டுமே உறையும். காற்றும் அழுக்கும் கீழ்நோக்கித் தள்ளப்பட்டுக் கடைசியில் அடியில் சேரும். முழுக்க உறைவதற்கு முன், சுமார் பதினெட்டு மணி நேரத்தில் எடுத்துக் கவிழ்த்தால், மேல்பகுதி கண்ணாடித் துண்டு போலிருக்கும். சில நிமிடம் வெளியே வைத்து, பிரெட் வெட்டும் பல் கத்தியால் கோடு போட்டு, கத்தியின் முதுகில் ஒரு தட்டு. நேராகப் பிளக்கும். முதல் தடவை நான் ஆர்வக்கோளாறில் முழு இரவும் மறுநாள் பகலும் விட்டுவிட்டேன். ஐஸ் விரிந்து ஹாட் பாக்ஸின் உள்சுவர் வெடித்தது. வீட்டில் நடந்த விசாரணையை இங்கே எழுதவில்லை.

இப்போது மார்டினி. இதில் உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: டிரை வெர்முத் பாட்டிலைத் திறந்து எத்தனை நாளாயிற்று, அது எங்கே இருக்கிறது? “ஷோகேஸில், மற்ற பாட்டில்களோடு” என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது.

வெர்முத் சாராயம் அல்ல. மூலிகை போட்டு, கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயின். ஆல்கஹால் 15 முதல் 18 விழுக்காடுதான். திறந்த நாளிலிருந்து காற்று அதைத் தின்னத் தொடங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் ஒப்பேற்றலாம். வெளியே, அதுவும் நம் வெயிலில், இரண்டு வாரத்தில் ஈரச் சாக்கு வாசம் வந்துவிடும். வெர்முத் என்ற பெயரே எட்டிபோல் கசக்கும் ஒரு செடியின் ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. அந்தச் செடி நம் மரிக்கொழுந்தின் இனம். நல்ல வெர்முத்தைத் திறந்து முகர்ந்தால் பூக்கடை மூலையில் மரிக்கொழுந்துக் கட்டு அவிழ்த்ததுபோல் ஒரு பச்சை வாசம் எட்டிப்பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்தப் பாட்டிலைச் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள். கிடைத்தால் சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள். பெரியது மலிவு என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான், பாதியைக் கொட்டித்தான் ஆக வேண்டும்.

மார்டினிக்கு ஜின் 60, டிரை வெர்முத் 15. “வெர்முத்தை ஜன்னல் வழியே காட்டினால் போதும்” என்று வீரம் பேசுகிறவர்கள் குடிப்பது குளிர்ந்த ஜின். அது அவர்கள் விருப்பம். ஆனால் மார்டினியின் ஆரம்ப காலத்தில் வெர்முத்தின் பங்கு இன்றைவிட மிக அதிகம். பாதிக்குப் பாதி கலந்தும் குடித்தார்கள். கெட்டுப்போன வெர்முத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் அந்த வீரம் பிறந்தது என்பது என் சந்தேகம்.

இதைக் குலுக்கக் கூடாது, கலக்க வேண்டும். சாறு, முட்டை, பால் என்று கலங்கலான பொருள் இருந்தால் குலுக்குவது. சாராயமும் வெர்முத்தும் மட்டும் என்றால் நீளக் கரண்டியால் முப்பது விநாடி நிதானமாகச் சுற்றுவது. குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறிப் பானம் மங்கிப்போகும், பட்டுப்போன்ற வழவழப்பு போய்விடும். கோப்பையை முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சிலர் ஜின்னையும் ஃப்ரீசரிலேயே வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே குளிர்ந்த ஜின் ஐஸை அதிகம் உருக்காது, ஆகவே ஒரு தேக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரை நீங்களே சேர்க்க வேண்டும். ஜின்னில் தண்ணீர் ஊற்றுவதா என்று நண்பர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சரி, எந்த ஜின்? பாட்டிலில் ‘லண்டன் டிரை’ என்ற சொல்லைத் தேடுங்கள். லண்டனில் காய்ச்சியது என்று பொருளல்ல. ஜூனிப்பர் காய் முன்னிற்க, மூலிகைகளோடு சேர்த்தே காய்ச்சி இறக்கி, பின்னால் சுவையோ இனிப்போ கலக்காதது என்பது அதன் பொருள். ஜூனிப்பருக்கு அடுத்தபடி பெரும்பாலான ஜின்களில் இருப்பது தனியா. ஏலக்காய், எலுமிச்சைத் தோல் எல்லாம் அதன்பின். அஞ்சறைப் பெட்டிக்காரர்களுக்கு ஜின் அந்நியமே இல்லை. 2017-க்குப் பிறகு கோவாவில் நல்ல ஜின்கள் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். ‘கிரேட்டர் தான்’ (Greater Than), ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’ இரண்டும் பெங்களூரில் கிடைக்கும். ஹாப்புசா என்ற ஜின்னில் இமயமலை ஜூனிப்பர் போடுகிறார்கள். அது மார்டினியில் தனித்து நிற்கும், நெக்ரோனியில் அந்த விலை வீண். ‘கிரேட்டர் தான்’ போன்ற அலங்காரமில்லாத ஜின் ஒன்று இருந்தால் பல விதப் பானத்துக்கும் ஆகும். பூ வாசம், பெர்ரி வாசம், இளஞ்சிவப்பு நிறம் என்று வருபவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். நம் ஊர்ப் பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு என்ற விசித்திரமான எண் இருக்கும். சாராயத்தின் வலுவை அளந்த பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கில் 75 டிகிரி என்பதுதான் இன்றைய கணக்கில் 42.8. வெள்ளைக்காரன் போனபிறகும் சதவீதம் போகவில்லை. இந்தக் கூடுதல் வலு காக்டெய்லுக்கு நல்லதே, ஐஸ் உருகியபின்னும் சுவை நிற்கும். வெளிநாட்டு ஜின்களில் 37.5 என்று பார்த்தால் தள்ளி வையுங்கள்.

நெக்ரோனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1919-இல் பிளாரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, அமெரிக்கானோவில் (கம்பாரி, ஸ்வீட் வெர்முத், சோடா கலந்த பானம்) சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றச் சொன்னார் என்பது கதை. ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்முத் மூன்றும் முப்பது முப்பது. உலகத்திலேயே மறக்க முடியாத செய்முறை. உங்களுடையது கஷாயமானதற்குக் காரணம் மறுபடியும் செத்த வெர்முத். கம்பாரியின் கசப்பைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய இனிப்பும் பழவாசமும் போய்விட்டால் கசப்பு மட்டும் தனியாக நிற்கும். புது வெர்முத், பெரிய ஐஸ், மேலே ஓர் ஆரஞ்சுத் தோல். அப்போதும் கசந்தால், அது நெக்ரோனியின் சுபாவம். பாகற்காய்ப் பிட்லை பிடிக்காதவருக்கு அதைப் பிடிக்கவைக்க முடியாததுபோல, மூன்று முறை குடித்தும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓல்ட் ஃபேஷன்டில்தான் பாட்டில் குற்றம், அதுவும் இரட்டைக் குற்றம். முதலாவது, உங்கள் பட்டியலில் இல்லாத பாட்டில். 1806-ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில் காக்டெய்ல் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்க, ஆசிரியர் பதில் எழுதினார்: ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகை ஊறிய, சொட்டுக் கணக்கில் விடும் கசப்புச் சாறு). ஓல்ட் ஃபேஷன்ட் என்றால் அந்தப் ‘பழைய மோஸ்தர்’ காக்டெய்ல்தான். பிட்டர்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் குடித்தது. சாம்பாரில் பெருங்காயம்போல அது. இரண்டு சொட்டுதான், இருந்தால் தெரியாது, இல்லாவிட்டால் தெரியும்.

அங்கோஸ்துரா பிட்டர்ஸ் ஒரு பாட்டில் வாங்குங்கள். விலையைப் பார்த்தால் சின்ன பாட்டிலுக்கு இவ்வளவா என்று தோன்றும். இரண்டு மூன்று ஆண்டு வரும், கெடாது, ஆல்கஹால் 44.7 விழுக்காடு. வெனிசுவேலாவில் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த யோஹான் சீகெர்ட் என்ற ஜெர்மானியர் 1824-இல் வயிற்றுக்கோளாறுக்கு மருந்தாகச் செய்தது. அங்கோஸ்துரா என்பது அவர் இருந்த ஊரின் அன்றைய பெயர். இப்போது டிரினிடாடில் தயாராகிறது. லேபிள் பாட்டிலைவிடப் பெரிதாக, கழுத்துவரை ஏறி நிற்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், காலங்காலமாக அப்படித்தான்.

இரண்டாவது குற்றம் விஸ்கி. நம் ஊரில் சாதாரணமாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தில் மால்ட் (முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய விஸ்கி) கலந்தது. சோடாவோடு குடிக்க அது போதும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓல்ட் ஃபேஷன்டில் விஸ்கியை மறைக்க எதுவுமே இல்லை. தானியச் சுவையும் மரச் சுவையும் இல்லாவிட்டால் வெறுமை தெரிந்துவிடும். இதற்கு பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வேண்டும். சட்டப்படி அதில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். அந்தக் கருக்கலிலிருந்துதான் வனிலா வாசமும் கருகிய சர்க்கரைச் சுவையும் வருகின்றன. ஜிம் பீம் போன்ற அடிமட்ட பர்பனே இங்கே போதும். பாட்டிலில் வரும் அயல்நாட்டுச் சாராயத்துக்கு 150 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது தெரிந்திருக்கும். 2025 பிப்ரவரியில் பர்பனுக்கு மட்டும் அதை 100 ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு வருட சிங்கிள் மால்ட்டைச் சர்க்கரையில் கரைக்காதீர்கள். அதைத் தனியாகக் குடியுங்கள்.

பர்பன் 60, பாகு ஒரு தேக்கரண்டி, பிட்டர்ஸ் இரண்டு சொட்டு, ஒரு பெரிய ஐஸ் கட்டி. இருபது விநாடி சுற்றுங்கள். இப்போது ஆரஞ்சுத் தோல். கமலா ஆரஞ்சு வேண்டாம், தோல் தொளதொளவென்று உரிந்து வரும், பிழிந்தால் ஒன்றும் தெறிக்காது. சதையோடு ஒட்டிய தோலுள்ள ஆரஞ்சு எடுங்கள். கிடைக்காவிட்டால் நாரத்தை. உருளைக்கிழங்கு சீவியால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பட்டை, வெள்ளைப் பகுதி முடிந்தவரை வராமல். கோப்பைக்கு மேல் பிடித்து, வெளித்தோல் பானத்தைப் பார்க்குமாறு மடக்கி அழுத்துங்கள். விளக்கொளியில் பார்த்தால் மெல்லிய எண்ணெய்த் தூறல் பானத்தின்மேல் விழுந்து வட்டவட்டமாகப் படர்வது தெரியும். கோப்பையின் விளிம்பில் ஒருமுறை தேய்த்து உள்ளே போட்டுவிடுங்கள். முதல் வாய்க்கு முன்பு மூக்குக்குப் போவது அந்தத் தூறல்தான்.

ஓல்ட் மாங்கில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஏற்கெனவே இனிப்பும் வனிலாவும் தூக்கலான ரம் என்பதால் பாகைப் பாதியாக்கி, பிட்டர்ஸை மூன்று சொட்டாக்குங்கள். சர்க்கரைக்குப் பதில் வெல்லப் பாகு இன்னும் பொருந்தும். டைக்கிரிக்கு மட்டும் அது வேண்டாம், எலுமிச்சையை விழுங்கிவிடும். அங்கே வெள்ளை ரம்தான். 1862-இல் சாந்தியாகோவில் தொடங்கிய பகார்டி ரம்தான் டைக்கிரியின் அடுத்த வீட்டுக்காரன். உங்களிடம் இருப்பதும் அதுதான் என்றால் மாற்றத் தேவையில்லை.

இலங்கைக்குப் போய்வருகிற நண்பர் யாராவது இருந்தால், அடுத்த பாட்டிலாக நான் சொல்வது தென்னை அராக். தென்னம்பாளைக் கள்ளைக் காய்ச்சி மரப்பீப்பாயில் வைத்தது. ரம்முக்கும் விஸ்கிக்கும் நடுவில் எங்கோ நிற்கும், ஆனால் இரண்டிலும் இல்லாத ஒரு பூ வாசம். அராக்கை 60, எலுமிச்சை 20, கித்துள் பாணியோ (இலங்கையில் கிடைக்கும் கூந்தல்பனைப் பாகு) வெல்லப் பாகோ 20 என்று குலுக்கி, மேலே ஜாதிக்காய் துருவிப் பாருங்கள். இது என் சொந்தச் சரக்கல்ல. சாராயம், புளிப்பு, இனிப்பு, தண்ணீர், மசாலா என்ற ஐந்தும் சேர்ந்த ‘பஞ்ச்’, காக்டெய்லுக்கு முந்திய பானம். அந்தச் சொல் சோழமண்டலக் கரையில் இருந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி வணிகருக்கு 1632-இல் எழுதப்பட்ட கடிதத்திலேயே வருகிறது. ஐந்து என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இந்தக் கலவை ஐரோப்பாவுக்குப் போனது நம் பக்கத்துக் கடல்வழியாகத்தான்.

விஸ்கி சவர் பற்றி ஒரே வார்த்தை, ஏனென்றால் பர்பன் வாங்கினால் அடுத்து அதற்குத்தான் வருவீர்கள். அதில் முட்டை வெள்ளைக்கரு நுரைக்காகச் சேர்ப்பது. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி, பிறகு ஐஸோடு குலுக்க வேண்டும். முட்டை ஆகாத வீடு என்றால், உப்புப் போடாமல் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து 20 மில்லி ஊற்றுங்கள். நுரை கட்டும். சுண்டல் வாசம் வரும் என்று பயப்படாதீர்கள், பிட்டர்ஸ் இரண்டு சொட்டு நுரைமேல் விட்டால் மூக்குக்கு அதுவே தெரியும்.

எண்ணிக்கையில் மட்டும் கவனம். நான் சொன்ன மார்டினி ஒரு கோப்பையே இரண்டு பெக் ஜின்னுக்குமேல் கணக்காகும். சில்லென்றும் வழவழவென்றும் இருப்பதால் தொண்டை எச்சரிக்காது. வண்டிச் சாவியை முதலிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஒன்பது பாட்டில். ஜின்னும் வெள்ளை ரம்மும் அப்படியே இருக்கட்டும். கம்பாரி கெடாது. வெர்முத் இரண்டையும் முகர்ந்து பார்த்து, தேறினால் ஃப்ரிட்ஜ், தேறாவிட்டால் சமையலறை. உள்நாட்டு விஸ்கி, சோடாவோடு குடிக்கும் மாமா யாராவது வந்தால் தீர்ந்துவிடும். வோட்காவையும் காபி லிக்கரையும் இரண்டுக்கு ஒன்றாக ஐஸில் ஊற்றினால் பிளாக் ரஷ்யன், சோம்பேறி நாளுக்கு மோசமில்லை. நீலக் குராசோவின் நிறத்தைத் தவிர எனக்கு அதில் எதுவும் தெரிந்ததில்லை. ஆரஞ்சு லிக்கர் வேண்டுமென்றால் ஆல்கஹால் 40 விழுக்காடுள்ள குவாண்ட்ரோ போன்ற ஒன்றை, நூறு விழுக்காடு அகேவ் (கற்றாழை போன்ற ஒரு செடி) என்று எழுதிய டெக்கிலா வாங்கும் மாதத்தில் சேர்த்து வாங்குங்கள். மார்கரீட்டாவுக்கு ஆகும். இந்த மாதம் வாங்க வேண்டியது பிட்டர்ஸ் ஒன்று, பர்பன் ஒன்று, மூடியுள்ள ஐஸ் டிரே ஒன்று. அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை டைக்கிரியை மட்டும் மூன்று முறை, பாதியளவில் கலந்து பாருங்கள். ரம் மூன்றிலும் 30, பாகு மூன்றிலும் 10, எலுமிச்சை மட்டும் 8, 10, 12. மூன்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு, எது பிடித்தது என்று எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து மார்கரீட்டா அளவு சொல்கிறேன்.